அம்பாசடருக்கு ஐந்து கியர் பாக்ஸ்: கிராஸ்மெம்பரை நாமே செய்வது

14 ஜனவரி 2024 — மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

1972 மாடல் அம்பாசடர் மார்க் 2. பழைய 1489 சிசி எஞ்சினை இறக்கிவிட்டு, 1800 ஐ.எஸ்.இசட். என்ற பிந்தைய அம்பாசடரின் இசுசு எஞ்சினையும் ஐந்து கியர் பாக்ஸையும் சேர்த்து ஏற்றுகிறோம். முன் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர் பிடி) உட்கார்ந்துவிட்டது. பாக்ஸின் பின்பக்கம் ஜாக்கி மேல் நிற்கிறது. அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பழைய கிராஸ்மெம்பர் எட்டவில்லை. மெக்கானிக் சொல்கிறார்: “ரெண்டு இன்ச் எல் ஆங்கிளைக் குறுக்கே வைத்து இரண்டு பக்கமும் வெல்டு அடித்துவிடலாம், பாக்ஸைத் தாங்கினால் போதும்.” தாங்குவதற்கு மட்டும்தானே அது? இதில் வேறென்ன இருக்கிறது?

14 ஜனவரி 2024, இரவு

வெல்டு மட்டும் அடிக்க விடாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

இதே வேலையை என் 1978 மார்க் 3-இல் செய்து முடித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பாக்ஸைத் தாங்குவது அந்தச் சட்டத்தின் வேலையில் சின்னப் பங்குதான். எஞ்சினும் பாக்ஸும் ஒரே கட்டியாக நிற்கின்றன; அந்தக் கட்டியின் பின்முனை எவ்வளவு உயரத்தில், எந்தச் சாய்வில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது கிராஸ்மெம்பர். சாய்வு தப்பினால் பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் அதிரும், அதன் முனைகளில் இருக்கும் யூ ஜாயின்ட் என்ற மூட்டின் கிராஸ் (சிலுவைத் துண்டு) சீக்கிரம் போகும், வேகம் கூடினால் தரைத்தகடே நடுங்கும். போல்ட்டில் நிற்கும் மெம்பர் என்றால் கழற்றித் திருத்தலாம். வெல்டு அடித்துவிட்டால் கட்டர்தான் வழி, அறுபடுவது காரின் உடம்பு.

அம்பாசடருக்குத் தனி சேசிஸ் கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-இன் வழி வந்த உடல் அது. தரைத்தகடும், அதன் அடியில் நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பெட்டிச் சட்டங்களும்தான் சேசிஸின் வேலையைச் செய்கின்றன. ஐம்பது வருடம் ஆன தகட்டில் கனமான ஆங்கிளை வைத்து ஆர்க் அடித்தால் தகடு ஓட்டையாகும். ஓட்டையாகாவிட்டால் வெல்டு ஓரத்தில் தகடு வெந்து பலவீனமாகும். உள்பக்கம் பெயின்ட் எரிந்து துரு அங்கிருந்துதான் தொடங்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

15 ஜனவரி 2024

“ஐ.எஸ்.இசட். காரின் கிராஸ்மெம்பரையே வாங்கிப் போட்டால் என்ன?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, முதலில் அதைத்தான் தேட வேண்டும். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் சொல்லி வைத்தால் வரும். எனக்கு வந்தது துருவில் பாதி போயிருந்தது. அளவு எடுக்க மட்டும் உதவியது. என் காரின் அடிச்சட்டத்தில் அதன் ஓட்டைகளும் உட்காரவில்லை. ரேடியேட்டருக்கு இடம் வேண்டி நான் எஞ்சினைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளியிருந்ததும் காரணம். நல்ல நிலையில் ஒன்று கிடைத்து, உங்கள் எஞ்சினும் தொழிற்சாலை வைத்த இடத்திலேயே உட்கார்ந்தால் இந்த இழையை மூடிவிட்டு அதைப் போடுங்கள். அதைவிட நல்ல வழி இல்லை.

17 ஜனவரி 2024

சாய்வு பற்றி விரிவாக எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். இந்த வேலையின் உயிரே இதுதான்.

யூ ஜாயின்ட் வளைந்த நிலையில் சுற்றும்போது உள்ளே வரும் வேகமும் வெளியே போகும் வேகமும் ஒன்றாக இருக்காது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். வளைவு 3 டிகிரி என்றால் இந்த ஏற்றத்தாழ்வு ஆயிரத்தில் ஒன்றரை அளவுதான், உடம்புக்குத் தெரியாது. 10 டிகிரி என்றால் நூற்றுக்கு ஒன்றரை. பத்து மடங்கு! வளைவு கூடக் கூட இது சீராகக் கூடுவதில்லை, பாய்ந்து கூடுகிறது. அதனால்தான் “ஒரு டிகிரி ரெண்டு டிகிரியில் என்ன ஆகிவிடும்” என்பதை நான் ஏற்பதில்லை. மூன்றுக்குள் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது, தாண்டிய பிறகுதான் சங்கதி.

முன் ஜாயின்ட்டில் ஏற்படும் இந்தக் கோளாறைப் பின் ஜாயின்ட் திருப்பிச் சரிசெய்துவிடும். அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஷாஃப்ட்டின் இரு முனை யோக்குகளும் (ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே தளத்தில் இருக்க வேண்டும். இரண்டு ஜாயின்ட்டின் வளைவும் சமமாக இருக்க வேண்டும். அதாவது பாக்ஸின் வெளித்தண்டும் பின் ஹவுசிங்கின் (பின் ஆக்சில் பெட்டி) பினியனும் (ஷாஃப்ட் போய்ச் சேரும் பல்சக்கரத் தண்டு) ஒன்றுக்கொன்று இணையான கோடுகளில் நிற்க வேண்டும். பாக்ஸ் பின்பக்கமாக 3 டிகிரி இறங்கினால் பினியனின் மூக்கு 3 டிகிரி மேலே பார்க்க வேண்டும். நடுவில் ஷாஃப்ட் 5 டிகிரியில் இறங்குகிறது என்று வையுங்கள், இரண்டு ஜாயின்ட்டிலும் 2 டிகிரி வளைவு. அருமையான நிலை அது.

எல்லாவற்றையும் ஒரே நேர்கோட்டில் வைத்தால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். வளைவே இல்லாவிட்டால் கிராஸுக்குள் இருக்கும் ஊசி ரோலர்கள் உருளாமல் ஒரே இடத்தில் இடிபட்டு, அங்கேயே பள்ளம் விழும். அரை டிகிரியாவது வேண்டும். ஒன்றிலிருந்து மூன்றுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

17 ஜனவரி 2024, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதில் விட்டுப்போனது: அம்பாசடரில் பின்னால் லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டை ஸ்பிரிங். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு பினியனின் மூக்கு மேலே எழும். அதனால் நிற்கும்போது சரியான இணைக்கோட்டைவிட பினியன் ஒரு டிகிரி தாழ்ந்திருந்தால் ஓடும்போது தானாகச் சரியாகும். புது பட்டை போட்ட வண்டிக்கு ஒரு டிகிரி, தளர்ந்த பட்டைக்கு இரண்டு.

20 ஜனவரி 2024

அளப்பது எப்படி என்று மதுரைக்காரர் கேட்கிறார்.

டிஜிட்டல் ஆங்கிள் கேஜ், அடியில் காந்தம் இருப்பது, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். வாங்கிவிடுங்கள். ரசமட்டத்தையும் பாகைமானியையும் வைத்து அளக்கலாம்தான், ஆனால் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு அரை டிகிரியைக் கண்ணால் பிரிப்பது கஷ்டம்.

வண்டி நான்கு சக்கரத்தில், தன் எடையில் நிற்க வேண்டும். பாடியை ஜாக்கியில் தூக்கி ஹவுசிங்கைத் தொங்கவிட்டு எடுத்த அளவு குப்பைக்குப் போக வேண்டியது. பெட்ரோல் டேங்க் பாதியாவது நிறைந்திருக்கட்டும். சக்கரங்களுக்கு அடியில் பலகை கொடுத்து நான்கையும் ஒரே அளவு உயர்த்திக்கொண்டால் அடியில் நுழைய இடம் கிடைக்கும். அப்புறம் பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து இன்னொரு முறை அளந்து பாருங்கள். அம்பாசடரை யாரும் தனியாக ஓட்டுவதற்கு வைத்திருப்பதில்லை. குடும்பம் ஏறிய நிலையிலும் வளைவு மூன்றைத் தாண்டக் கூடாது.

ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முன் மவுண்டுக்கும் பின் மவுண்டுக்கும் இடையே 90 சென்டிமீட்டர் என்றால், பாக்ஸின் வாலை 15-16 மி.மீ. தூக்கினால் ஒரு டிகிரி மாறும். மெம்பருக்கும் ரப்பருக்கும் நடுவே எவ்வளவு பேக்கிங் தேவைப்படும் என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம்.

21 ஜனவரி 2024

சாய்வை முடிவு செய்த பிறகு பாக்ஸை ஜாக்கியோடு விட்டுவிடுங்கள், தொடக் கூடாது. மேலே கியர் லிவர் வரும் இடம், பக்கத்தில் டனல் (பாக்ஸுக்கு மேல் தரைத்தகடு புடைத்து நிற்கும் பகுதி), கீழே தரை என்று எல்லாவற்றையும் பார்த்துச் சரி என்ற பிறகுதான் இரும்பைப் பற்றிய பேச்சு. முதலில் பாக்ஸ் தன் இடத்தில் நிற்கட்டும், மெம்பர் அதைத் தேடிப் போகட்டும். மெம்பரை முதலில் செய்துவிட்டு பாக்ஸை அதற்கு இழுத்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் முன் மவுண்ட் ரப்பர் எப்போதும் கோணலாக இழுபட்டே நின்றது. எத்தனை ரப்பர் மாற்றினாலும் கிழிந்துகொண்டே இருந்தது.

28 ஜனவரி 2024

சரி, இப்போது எல் ஆங்கிள்.

மதுரை மெக்கானிக்கின் பக்கம் நின்று ஒருவர் எழுதியிருக்கிறார்: “ரெண்டு இன்ச் ஆங்கிளில் லாரி பாடியே கட்டுகிறார்கள், ஒரு கியர்பாக்ஸ் என்ன பெரிய எடை.” எடைக்கு ஆங்கிள் போதும், அதில் சந்தேகமே இல்லை. 50×50×5 ஆங்கிளும் 50×25×3 செவ்வக டியூபை நிமிர்த்தி வைத்ததும் வளைவைத் தாங்குவதில் ஏறக்குறைய சமம். மீட்டருக்கு எடை பார்த்தால் ஆங்கிள் 3.8 கிலோ, டியூப் 3.25 கிலோ. வேறுபாடு முறுக்கில். கணக்குப் போட்டுப் பாருங்கள், மூடிய டியூப் அந்த ஆங்கிளைவிட முறுக்குக்கு இருபது மடங்குக்கு மேல் விறைப்பு. எடையும் குறைவு.

முறுக்கு எங்கிருந்து வருகிறது? பாக்ஸின் ரப்பர் மவுண்ட் பெரும்பாலும் மெம்பருக்கு நேர் மேலே உட்காராது. முன்னாலோ பின்னாலோ இரண்டு இன்ச் தள்ளித்தான் வரும், அதற்கு ஒரு தட்டு நீட்ட வேண்டியிருக்கும். பள்ளத்தில் விழும்போதெல்லாம் அந்தத் தட்டு மெம்பரை முறுக்கும். ஆங்கிள் இதற்கு இசைந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். இரும்பு முறியாது, வெல்டுதான் ஓரத்தில் மயிரிழை விடும்.

டியூபை எந்தப் பக்கம் வைப்பது என்பதும் முக்கியம். 50 மி.மீ. பக்கம் செங்குத்தாக நின்றால், படுக்கவைத்ததைவிட மூன்று மடங்கு விறைப்பு. இடம் இல்லை என்று படுக்கவைப்பவர்கள் நிறைய. 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு நடுவில் 50 கிலோ வைத்தால் படுத்த டியூபும் கால் மி.மீ. சுமார்தான் தொய்யும், ஆகவே அதுவும் உடைந்துவிடாது. ஆனால் அதிர்வில் நிமிர்ந்தது அமைதியாக இருக்கும். எனக்கு இடம் இருந்தது, நிமிர்த்தினேன்.

29 ஜனவரி 2024

“வண்டியைத் தள்ளும் விசை முழுக்க இந்த மெம்பரில்தானே வரும்?” வராது. அம்பாசடரில் தள்ளும் விசை சக்கரத்திலிருந்து ஹவுசிங், அங்கிருந்து லீஃப் ஸ்பிரிங்கின் முன்கண் வழியாக உடலுக்குப் போய்விடும். பாக்ஸ் மவுண்ட்டுக்கு வருவது மூன்று: எடையின் பங்கு, பள்ளத்தில் குதிக்கும்போது அது பெருகுவது, திருப்புவிசையின் எதிர்வினை. மூன்றாவதைக் குறைத்து மதிக்க வேண்டாம். முதல் கியரில் ஷாஃப்ட்டுக்குப் போகும் திருப்புவிசை எஞ்சின் தருவதைப் போல மூன்றரை, நான்கு மடங்கு. அதே அளவு எதிர்த்திசையில் எஞ்சினையும் பாக்ஸையும் சேர்த்துப் புரட்டப் பார்க்கும். முன் மவுண்ட் இரண்டும் பின் மவுண்ட்டும்தான் பிடித்து நிறுத்துகின்றன. மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது கியர் லிவர் ஒரு பக்கமாகச் சாய்கிறதே, அது இதுதான்.

4 பிப்ரவரி 2024

கோவையிலிருந்து எழுதியவர் தன் மெம்பரின் படம் போட்டிருக்கிறார். வெல்டு அழகு, வளைவு அழகு. ஆனால் போல்ட் போட்ட இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வாஷரைச் சுற்றிப் பெட்டிச் சட்டத்தின் தகடு உள்ளே குழிந்திருக்கிறது.

இந்த இடத்தில் எல்லோரும் ஒரு முறை நின்று யோசிக்க வேண்டும். பெட்டிச் சட்டம் உள்ளே வெற்றிடம். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓட்டை போட்டு நீளமான போல்ட்டைச் செலுத்தி முடுக்கினால் என்ன ஆகும்? ஸ்பானர் கொஞ்ச நேரம் இறுகும், அப்புறம் திடீரென்று லேசாகும். கைக்கு இறுகுவது போலத்தான் தெரியும், உள்ளே தகடு அமுங்கிக்கொண்டிருக்கும். எவ்வளவு முடுக்கினாலும் நிஜமான பிடிப்பு வராது. சில மாதத்தில் போல்ட் தளரும், தளர்ந்த போல்ட் ஓட்டையை முட்டை வடிவத்துக்குத் தேய்க்கும்.

இதற்கு மருந்து, உள்ளே ஒரு இரும்பு புஷ். பெட்டியின் உள் அகலத்துக்குச் சரியாக வெட்டிய கனமான சீம்லெஸ் குழாய், போல்ட் உள்ளே நுழையும் அளவு. ஒரு பக்க ஓட்டையைப் பெரிதாக்கி அதன் வழியாகச் செருகி, அந்தப் பக்கம் மட்டும் சுற்றி வெல்டு வைத்து, மட்டமாகத் தேய்த்துவிட வேண்டும். இப்போது முடுக்கும் விசை முழுவதும் புஷ் வழியாகப் போகும், தகடு தப்பிக்கும். அதற்கு மேல் 4 மி.மீ. கனத்தில் உள்ளங்கை அளவு தட்டு ஒன்று, விசையைப் பரப்ப.

காரின் உடலில் நான் வைத்த வெல்டு இது மட்டும்தான். வெல்டு அடிக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். அந்தப் பக்கம் ஓடும் பெட்ரோல் பைப்பையும் பிரேக் பைப்பையும் கழற்றி ஒதுக்கி, ஒருவர் கையில் ஈரச் சாக்கோடு நிற்கட்டும்.

5 பிப்ரவரி 2024

போல்ட்: 8.8 கிரேடு (பலத்தைக் குறிக்கும் எண்), எம்10 (10 மி.மீ. மெட்ரிக் மரை). பழைய அம்பாசடரின் போல்ட்கள் பெரும்பாலும் யூ.என்.எஃப். என்ற இன்ச் மரை. 3/8 இன்ச் என்பது 9.5 மி.மீ., எம்10-க்குப் பக்கத்தில் இருப்பதால் கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும். ஒன்றின் நட்டை மற்றதில் ஏற்றி ஸ்பானரால் திணித்துவிடுவார்கள். மெம்பருக்கு எந்த இனம் போடுகிறீர்களோ, நான்கும் அதே இனமாக இருக்கட்டும்.

11 பிப்ரவரி 2024

வெட்டி ஒட்டும் வேலையை நான் செய்த வரிசை.

தூக்குக்குண்டைப் போல்ட் ஓட்டைகளிலிருந்து தொங்கவிட்டு தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். ரப்பர் மவுண்டின் நடுப்புள்ளியையும் அப்படியே தரைக்கு இறக்கினேன். காரை நகர்த்தாமலேயே தரையில் மெம்பரின் வரைபடம் கிடைத்துவிட்டது. அதைக் கனமான அட்டையில் எடுத்து, வெட்டி, அடியில் பிடித்துப் பார்த்தேன். சைலன்சர் பைப் இடித்தது. அட்டையில் அந்த இடத்தில் வளைவு கொடுத்தேன். அட்டை ஒப்புக்கொண்ட பிறகு அம்பத்தூரில் ஒரு பட்டறையில் டியூபை வெட்டக் கொடுத்தேன்.

டியூபை நெருப்பில் காய்ச்சி வளைப்பதைவிட, கோணத்தில் வெட்டி ஒட்டுவது எனக்குப் பிடிக்கும். வளைத்தால் உள்வளைவில் சுருங்கி வடிவம் கெடும். வெட்டி ஒட்டினால் மூட்டின் மேலும் கீழும் ஒரு முக்கோணத் தட்டு வைக்க வாய்ப்பு.

டாக் (அங்கங்கே பொட்டு வெல்டு) மட்டும் காரின் அடியில், மெம்பர் போல்ட்டில் நிற்கும்போது. முழு வெல்டு மேஜையில். வெல்டு ஆறும்போது இழுக்கும் என்பதால் மேஜையில் ஒரு கனமான சேனலில் அதே ஓட்டைகளைப் போட்டு, மெம்பரை அதில் முடுக்கி வைத்துத்தான் அடிக்க வேண்டும். வெல்டர் ஒரு பக்கம் இரண்டு இன்ச் அடித்து, எதிர்ப்பக்கம் போய் இரண்டு இன்ச் அடித்து, மாற்றி மாற்றி நடந்தார். “இழுக்கிறவனை ரெண்டு பக்கமும் இழுக்கவிட்டால் நடுவில் நிற்பான்” என்றார். ஆறும்வரை போல்ட்டைக் கழற்றவிடவில்லை. கழற்றிக் காரில் வைத்தபோது நான்கு போல்ட்டும் விரலாலேயே ஏறின.

சி.ஓ.டூ வெல்டிங் (வாயுவும் கம்பியும் ஊட்டி அடிப்பது) கிடைத்தால் நல்லது. ஆர்க் என்றாலும் தெரிந்த கை அடித்தால் குறை இல்லை, 3 மி.மீ. சுவர் அதற்குத் தாங்கும். 2 மி.மீ. டியூப் வேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான். விறைப்பில் அது முக்கால் பங்கு தந்துவிடும், ஆனால் வெல்டில் ஓட்டை விழும் பயம். ஜிங்க் பூசிய டியூப் என்றால் வெல்டு வரும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுங்கள், அந்தப் புகை காய்ச்சல் வரவைக்கும். டியூபின் முனைகளை மூடினால் அடியில் ஒரு சின்ன ஓட்டை விடுங்கள், தண்ணீர் தேங்கக் கூடாது.

வெல்டை அழகுக்காக மட்டமாகத் தேய்க்க வேண்டாம். அந்தப் புடைப்பில்தான் அதன் பலம்.

18 பிப்ரவரி 2024

மெம்பர் கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும் என்று முன்பே சொன்னேன். இன்னொரு கோணமும் உண்டு: சைலன்சர் பைப்பை அறுக்காமல் கழற்ற முடிய வேண்டும். கிளட்ச் பிளேட் மாற்றும் நாளில்தான் இதன் அருமை தெரியும். பைப் மெம்பருக்கு மேலே போனால் சிக்கல், கீழே போனால் தரையில் இடிக்கும். நான் மெம்பரில் பைப்புக்கு மேலே வளைவு விட்டு, பைப் அதன் அடியில் போகும்படி வைத்தேன். பைப்புக்கும் மெம்பருக்கும் ஒரு இன்ச் இடைவெளி. எஞ்சின் குலுங்கும்போது பைப்பும் ஆடும், அதற்குக் குறைவாக வைத்தால் தட்டும்.

தரை உயரம்: ஸ்பீட் பிரேக்கருக்கு ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைப் பேரவை) சொல்லும் அளவு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அந்த அளவில் கட்டியது இருந்தால் அம்பாசடர் தூங்கிக்கொண்டே தாண்டும். நம் தெருக்களில் இருப்பது ஆளுக்கு ஆள் கொட்டிய சிமென்ட் மேடு. மெம்பரும் அதன் போல்ட் தலைகளும் எஞ்சின் சம்ப்பைவிட (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) தாழ்ந்து போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3 மார்ச் 2024

ரப்பர் பற்றி நான் மனம் மாறிய கதை. முதலில் கெட்டியான யூரித்தேன் புஷ் போட்டேன், ஆயுள் அதிகம் என்பதற்காக. பாக்ஸ் அசையவே இல்லை, கியர் சுத்தமாக விழுந்தது. ஆனால் பாக்ஸின் ஒவ்வொரு முனகலும் தரைத்தகட்டின் வழியாகக் காதுக்கு வந்தது. நெடுஞ்சாலையில் குடும்பம் பேசிக்கொள்ள முடியவில்லை. சாதாரண ரப்பருக்குத் திரும்பினேன். அம்பாசடர் அமைதியாகப் போகும் வண்டி, அப்படியே இருக்கட்டும். ரப்பர் எடை ஏறியதும் சில மி.மீ. அமுங்கும், அதையும் சேர்த்துத்தான் உயரக் கணக்கு. பாக்ஸ் ஆயில் கசிந்து ரப்பரில் விழுந்தால் ரப்பர் ஊதிப் போகும், ஆகவே பின் ஆயில் சீலை இப்போதே மாற்றிவிடுங்கள்.

மெம்பரில் மவுண்ட் போல்ட்டுக்கு வட்ட ஓட்டை வேண்டாம், நீளவாக்கில் நீள்துளை போடுங்கள். எல்லா போல்ட்டையும் தளர்வாக மாட்டி, எஞ்சினைக் கையால் முன்னும் பின்னும் குலுக்கி, அது விரும்பிய இடத்தில் உட்கார்ந்த பிறகு முடுக்குங்கள். முன் மவுண்ட்டும் பின் மவுண்ட்டும் ஒன்றையொன்று இழுக்காமல் இருக்கும்.

17 மார்ச் 2024

ஷாஃப்ட்டை வெட்டக் கொடுக்கும் முன் மெம்பர் முடிந்திருக்க வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்யாதீர்கள். வண்டி சக்கரத்தில் நிற்கும்போது நீளம் எடுங்கள். பாக்ஸுக்குள் வழுக்கிப் போய்வரும் ஸ்லைடிங் யோக் முழுக்க உள்ளே போன நிலையிலிருந்து ஒரு இன்ச் வெளியே இருக்கும்படி நீளம் வேண்டும், ஸ்பிரிங் அமுங்கும்போது ஷாஃப்ட் முன்னே பின்னே போகும். வெட்டி ஒட்டிய பிறகு பேலன்ஸ் செய்யும் மிஷின் உள்ள இடத்தில் கொடுங்கள். என் ஷாஃப்ட்டை முதலில் வாங்கிய ஒரு பட்டறை யோக்குகளைத் தளம் மாற்றி ஒட்டித் தந்தது. வீட்டுத் தரையில் உருட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன், மாற்றித் தந்தார்கள். நீங்களும் வாங்கும் இடத்திலேயே ஒரு கண் பாருங்கள்.

7 ஏப்ரல் 2024

மதுரைக்காரருக்கு மட்டும். உங்கள் வண்டி 1972 என்று படித்ததிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டிருக்கிறது.

2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும். பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், எண்ணில் ‘வி.ஏ.’ எழுத்து வரும். அன்றாட ஓட்டத்துக்கு ஆகாது, கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான். உங்கள் வண்டி இப்போதே அந்த வயதில் இருக்கிறது. எஞ்சினை மாற்றிவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். இன்னொன்று, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி எஞ்சின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

மாற்றாதீர்கள் என்று சொல்லவில்லை. 1489 சிசி எஞ்சினோடு நான்கு வழிச்சாலையில் போவது எவ்வளவு பொறுமையைக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பழைய எஞ்சினையும் பாக்ஸையும் பழைய கிராஸ்மெம்பரையும் இரும்புக் கடைக்கு அனுப்பாதீர்கள். எஞ்சினுக்குள் ஆயில் ஊற்றி, மெம்பருக்கு பிரைமர் அடித்து, அதன் போல்ட்களை அதிலேயே மாட்டி வைத்துவிடுங்கள். உடலின் பழைய ஓட்டைகளை அடைக்காதீர்கள். அம்பாசடர் செய்த உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014-இலேயே தயாரிப்பு நின்றுவிட்டது, ஒவ்வொரு பாகமும் இனி இருப்பதிலிருந்து எடுப்பதுதான். வெல்டு வேண்டாம் என்று நான் முதல் நாளே அவசரப்பட்டதில் இந்தக் காரணமும் உண்டு.

9 ஜூன் 2024

மதுரை வண்டி ஓடிவிட்டதாம்! டியூப் மெம்பர், புஷ் வைத்த போல்ட், எல்லாம் செய்திருக்கிறார். அந்த மெக்கானிக்கே முன்னின்று செய்தார் என்பதுதான் எனக்கு அதிக மகிழ்ச்சி. பழைய எஞ்சின் வீட்டில் பத்திரமாக இருக்கிறதாம்.

70-க்கு மேல் ஒரு நடுக்கம் வருகிறது என்கிறார். பாகங்களை மாற்றத் தொடங்கும் முன் பிரித்துப் பாருங்கள். நடுக்கம் வரும் வேகத்தில் கிளட்ச்சை மிதித்து எஞ்சினை ஐடிலுக்கு விடுங்கள். நடுக்கம் போய்விட்டால் எஞ்சின், மவுண்ட் பக்கம். தொடர்ந்தால் ஷாஃப்ட், ஹவுசிங், சக்கரம். ஹவுசிங் விகிதம் நாலரை (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் நாலரை சுற்று) என்று வைத்துக்கொண்டால் 80 கிலோமீட்டரில் ஷாஃப்ட் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுக்கு அருகே சுற்றும், நொடிக்கு ஐம்பது. பேலன்ஸ் குறை என்றால் நடுக்கமும் நொடிக்கு ஐம்பது, கோணக் குறை என்றால் நூறு. ஐம்பது உடம்பில் அடிக்கும். நூறு காதில் முழங்கும், சீட்டில் லேசான சிலிர்ப்பாக இருக்கும். சக்கரத்தின் குறை இவை இரண்டையும்விட மெதுவானது, ஸ்டியரிங்கில் தெரியும்.

16 ஜூன் 2024

முழக்கம்தான், கிளட்ச் மிதித்தாலும் போகவில்லை என்று பதில் வந்திருக்கிறது. அளவுகளும் அனுப்பியிருக்கிறார்: பாக்ஸ் 4.5 டிகிரி இறக்கம், ஷாஃப்ட் 5, பினியன் 2.5. முன் ஜாயின்ட்டில் அரை டிகிரி, பின் ஜாயின்ட்டில் இரண்டரை. இரண்டும் சமமாக இல்லை, அதுதான் முழங்குகிறது.

பாக்ஸின் வாலை 15 மி.மீ. தூக்குங்கள். மெம்பருக்கும் ரப்பருக்கும் நடுவே 5 மி.மீ. தட்டு மூன்று, மவுண்ட் போல்ட் அதற்கேற்ற நீளத்தில். பாக்ஸ் மூன்றரைக்கு வரும். வால் உயர்ந்தால் ஷாஃப்ட்டின் சரிவும் கொஞ்சம் கூடும், அநேகமாக ஐந்தரை. அப்போது முன்னால் இரண்டு, பின்னால் மூன்று. பினியன் பாக்ஸைவிட ஒரு டிகிரி தாழ்வு, ஓடும்போது எழுந்து சமமாகும். தூக்கும் முன் டனலில் கியர் லிவரைச் சுற்றி விரல் நுழையும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தட்டு வைத்ததும் மூன்று கோணங்களையும் திரும்ப அளந்து இங்கே போடுங்கள்.

30 ஜூன் 2024

முழக்கம் நின்றதாக எழுதியிருக்கிறார். புது அளவு 3.5, 5.5, 2.5. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் மெம்பரின் நான்கு போல்ட்டையும் மவுண்ட் போல்ட்டையும் ஒரு முறை முடுக்கிப் பாருங்கள். புது பெயின்ட் போல்ட் தலைக்கு அடியில் நசுங்கி இடம் கொடுத்திருக்கும். வெல்டு ஓரங்களை டீசல் துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு போல ஏதாவது தெரிந்தால் படம் எடுத்து இங்கேயே போடுங்கள்.